"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணலாம் சார்"

சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங். அரை நாள் லீவு போட்டுட்டு வராண்டாவுல ஒன்றேகால் மணி நேரம் நின்னேன். உள்ளே போனா மூணே நிமிஷம். மிஸ் தலை நிமிராம ரேங்க் கார்டைத் திருப்பி, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணலாம் சார்"னாங்க. மூணு வருஷமா இதே வசனம்! பையன் யாரோட உட்கார்ந்து சாப்பிடுறான், கணக்குல எங்க தடுமாறுறான்னு கேட்க வாயெடுத்தேன். "நெக்ஸ்ட்!" அவங்களையும் சொல்லிக் குத்தமில்ல, நாற்பது பேரைப் பார்க்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பீஸ் கட்டுற நமக்கு? ஒரு வாட்ஸ்அப் குரூப். அதுலயும் அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்.