கழக்கூட்டம் போய் ஹெட்போன் மாட்டுகிறேன்

வீட்டிலிருந்து வேலையா, அலுவலகமா, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டு எச்.ஆர். படிவம் அனுப்பினார்கள். நிரப்பினோம். அப்புறம் வந்த முடிவு: எல்லாருக்கும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம். பின்னே எதற்குக் கேட்டார்கள்?

குமரி மாவட்டத் தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கிற டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துக்குப் போவது லேசா? மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் நெரிசல் தீரவில்லை. களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று 66-ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். சரி, போய் என்ன செய்கிறேன்? ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கிற டீமோடு வீடியோ காலில் பேசுகிறேன். பக்கத்தில் இருப்பவர் புனேயோடு பேசுகிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வணக்கம்கூட இல்லை. இதற்குப் பெயர் குழு ஒற்றுமையாம்!

வீடு மட்டும் சொர்க்கமா என்றால் இல்லை. மழை பிடித்தால் கரண்ட் போகும். 'சும்மாதானே இருக்கே மக்கா' என்று அம்மா ரேஷன் கடைக்கு அனுப்புவார். கைக்குழந்தை உள்ள நண்பர் ஒருவர் அலுவலகமே நிம்மதி என்கிறார். அவர் தாராளமாக வரட்டும், என்னை ஏன் இழுக்க வேண்டும்?

இதில் உட்கார இடத்தையும் முன்கூட்டியே ஆப்பில் பிடிக்க வேண்டும். ஜூன் மழையில் நனைந்து தாமதமாக வருகிறவனுக்குக் கழிப்பறை ஓரத்து மேசைதான் மிச்சம்.