அடுத்தவர் கழற்றும்படி ஒட்டுங்கள்

போன வாரம் என் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். முதல் படத்தில் அவள் மாமனார் வீட்டு ஈட்டி மர நாற்காலி. கைப்பிடி கறுத்து, பிரம்பு இருக்கை நடுவில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது படத்தில் அதே நாற்காலி கண்ணாடி போலப் பளபளக்க, சிவப்பு ரெக்சின் மெத்தையோடு நின்றது. "எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டிருந்தாள்.

எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆசையாகத்தான் செய்திருக்கிறாள், பணமும் நிறைய ஆகியிருக்கும். ஆனால் அந்தக் கைப்பிடியில் அவள் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து உள்ளங்கை பட்டுப் பட்டு ஏறிய ஒரு வழவழப்பு இருந்தது. முனையில் செதுக்கியிருந்த பூவின் இதழ்கள் கூராக இருந்தன. பாலிஷ் போடுகிற இடத்தில் எந்திரத்தில் உப்புத்தாளை மாட்டி எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். பூ இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் தச்சன் இல்லை. வங்கியில் வேலை. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நாற்காலி, மேசை, சோபா என்று எதையாவது பிரித்துச் சரிசெய்து மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொடுத்தவர் உறையூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு வயதான ஆசாரி. முதல் நாள் நான் வாங்கிக்கொண்டு போன பசை டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதப் போட்டா நல்லா நிக்கும் தம்பி. ஆனா நாளைக்கு ஒருத்தன் இதக் கழட்டணும்ல?" என்றார். ஒட்டுவதே கழலாமல் இருக்கத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது புரிந்தது என் தாத்தாவின் சாய்வு நாற்காலியைப் பிரித்த அன்றைக்குத்தான். தேவகோட்டையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது தாத்தா வாங்கி வந்த பர்மா தேக்கு நாற்காலி அது. ஆட்டம் கண்டபோதெல்லாம் எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். பதினொரு ஆணி எடுத்தேன். ஆணி இருந்த இடமெல்லாம் துரு இறங்கி, மரம் கறுத்துப் பொரபொரத்துப் போயிருந்தது. அதைச் செய்தவரோ ஓர் இரும்பு ஆணி கூடப் போடவில்லை. துளைக்குள் கழுந்து (சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்கிய பகுதி), குறுக்கே மூங்கில் ஆணி, உள்ளே வஜ்ரம். இவ்வளவுதான்.

வஜ்ரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. கட்டியாக வரும். ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்க வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் அதனிடம் ஒரு குணம் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். வெந்நீரில் பிழிந்த துணியைக் காலும் சட்டமும் சேருகிற மூட்டின் மேல் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெதுவாகத் தட்டினேன். கால் தனியாக, சட்டம் தனியாக, ஒரு சிராய் கூடப் பெயராமல் கழன்று வந்தது.

உள்ளே பார்த்தேன். முதல் காலின் துளைக்குப் பக்கத்தில் உளியால் ஒரு வெட்டு. அதில் சேர வேண்டிய கழுந்தின் அடியிலும் ஒரு வெட்டு. அடுத்த காலில் இரண்டு, அதன் சட்டத்திலும் இரண்டு. மூன்றாவதில் மூன்று. நான்காவதில் மூன்று வெட்டுக்கு மேல் குறுக்கே ஒன்று. கையால் செய்த வேலையில் ஒரு துளையும் இன்னொரு துளையும் ஒரே அளவாக இருக்காது. எது எதில் போகும் என்று தெரிவதற்காக அந்தத் தச்சர் போட்டுக்கொண்ட கணக்கு அது. அத்தனை வருடம் கழித்து அவர் கணக்கைப் பார்த்துத்தான் நான் திரும்பப் பூட்டினேன். பழைய வஜ்ரத்தின் மேலேயே புதுச் சூட்டு வஜ்ரம் பிடிக்கும், சுரண்டித் தீர்க்க வேண்டியதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஃபெவிகால் 1959-ல் வந்தபோது தச்சர்களுக்கு அது பெரிய விடுதலை. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை. புது மேசைக்குத் தாராளமாகப் போடுங்கள். பழைய மூட்டுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் மறுபடி வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. கழற்றப் பார்த்தால் பசைக்கு முன் மரம் பிளக்கிறது.

பாலிஷ் கதையும் இதேதான். பழைய சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அவலரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பதை உருக்கி, அவல் மாதிரி மெல்லிய தகடுகளாக எடுப்பது. நம் நாட்டில் அதிகமாகக் கிடைப்பது ஜார்க்கண்டில். ராத்திரி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் காலையில் தேன் நிறத்தில் கரைந்திருக்கும். துணியில் வடிகட்டி, பஞ்சை வெள்ளைத் துணிக்குள் பொதிந்து உருண்டை கட்டி, அதில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு பூச்சில் ஒன்றுமே தெரியாது. பத்து, பதினைந்து பூச்சுக்குப் பிறகு மரத்தின் ரேகை ஆழத்திலிருந்து மேலே வருகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பட்டறையில் யார் பேசினாலும் எனக்குக் காதில் விழாது.

உங்கள் வீட்டு நாற்காலியில் இருப்பது அவலரக்குத்தானா என்று பார்ப்பது சுலபம். கண்ணில் படாத ஓர் இடத்தில், காலின் உட்பக்கம் என்று வையுங்கள், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அவலரக்கு. அப்படியென்றால் உப்புத்தாளே வேண்டாம். அழுக்கைத் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பழைய பூச்சையே இளக்கிப் பரப்பிவிடலாம். மேலே இரண்டு மூன்று பூச்சு புதிதாகக் கொடுத்தால் போதும். மரத்தை ஒரு நூல் கூடக் குறைக்காமல் வேலை முடிந்துவிடும்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மழைக்காலத்தில் பூசினால் ஈரத்தை வாங்கிக்கொண்டு மூடுபனி மாதிரி வெளுக்கும். ஐப்பசி கார்த்திகையில் நான் பாலிஷ் டப்பாவைத் தொடுவதே இல்லை. ஆனால் அந்த வெள்ளை வளையம் லேசான ஸ்பிரிட் துணியில் பெரும்பாலும் போய்விடும். இப்போது எல்லோரும் அடிக்கிற பாலியூரித்தேன் பூச்சுக்கு டம்ளர் ஒன்றும் செய்யாது. பத்து வருடம் கழித்து அது உரியத் தொடங்கினால், மறுபடி மரம் வரை சுரண்டுவதைத் தவிர வழி கிடையாது. ஒவ்வொரு முறையும் நாற்காலி கொஞ்சம் இளைக்கும்.

(இடையில் ஒரு எச்சரிக்கை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.)

பிரம்பு பின்ன நான் கற்றுக்கொண்டது கண் தெரியாத ஒருவரிடம். நம் ஊரில் பார்வையற்றவர்களுக்கு நாற்காலி பின்னும் பயிற்சி கொடுக்கிற வழக்கம் ரொம்ப காலமாக உண்டு, அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளைப் பின்னியவர்களில் அவர்களும் உண்டு. இருக்கைச் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கும். ஊறவைத்த பிரம்பை முதலில் நெடுக்கே இழுக்க வேண்டும், அதன் மேல் குறுக்கே, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே பின்னி, அப்புறம் இரண்டு மூலைவிட்டம். கடைசியாக ஓரக்கட்டு. மூலைவிட்டம்தான் ஆளைச் சோதிக்கும். எந்த ஜோடிக்கு மேலே, எந்த ஜோடிக்குக் கீழே என்று ஒரு முறை தவறினாலும் பிரம்பு உராய்ந்து சிலும்பும். சரியாகப் போனால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அவர் அந்தச் சத்தத்தை வைத்தே, "நாலாவது கண்ணுல தப்பு, பிரிங்க சார்" என்பார். பிரிப்பேன். என் முதல் இருக்கை முடிய நான்கு ஞாயிறு ஆனது.

பிரம்பு தொய்ந்துவிட்டால் உடனே அறுத்து எறியாதீர்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிடுங்கள். பளபளப்பான மேல்தோல் தண்ணீரை ஏற்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். பிரம்பு கிழியாமல் இருந்தால், காயும்போது இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஒயரில் இந்த வேலை நடக்காது.

சோபா விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவருடைய கும்பகோணத்து அத்தை வீட்டிலிருந்து மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று வந்தது. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "ஃபோம் மாத்திடுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேல் துணியைப் பிரித்தேன். ஃபோம் மஞ்சள் மாவாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டியது. அதற்கும் கீழே இன்னொரு பழைய துணி. அதைப் பிரித்தால் தேங்காய் நார், கோணிச் சாக்கு, அதற்கடியில் ஸ்பிரிங்குகள். யாரோ நடுவில் ஒரு காலத்தில், பழையதை எடுக்கச் சோம்பல்பட்டு மேலேயே ஃபோமை வைத்து மூடியிருக்கிறார்கள். இந்த ஃபோம் செய்கிற பாலியூரித்தேனே 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்ததுதான். அது ஃபோமாகி வீட்டு சோபாவுக்குள் புகுந்தது அதற்கும் பிறகு. அந்தச் சோபா அதற்கு முந்தையது.

அந்த நார் இன்னும் உயிரோடு இருந்தது. உதறி, சிக்கெடுத்து, மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். கையில் அள்ளி அமுக்கினால் புஸ்ஸென்று எழும்பியது. ஸ்பிரிங்குகளிலும் ஒன்று கூட ஒடிந்திருக்கவில்லை. அறுந்திருந்தது அடியில் தாங்குகிற சணல் பட்டையும், ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடித்த கயிறும்தான். புதுப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து அடித்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பட்டையோடு கோணி ஊசியால் தைத்தேன். பிறகு தலையை அமுக்கிப் பிடித்து எட்டுத் திசைக்கும் கயிறு கட்ட வேண்டும். முன்பின், இடவலம், இரண்டு மூலைவிட்டம். ஒரு முடிச்சு நழுவினால் எல்லாம் ஒரு பக்கம் சாயும். கட்டி முடித்த மூன்றாம் நாள் வரை விரல் ரேகையில் கயிறு அறுத்த எரிச்சல் இருந்தது. மேலே சாக்கு, நார், இலவம்பஞ்சு கொஞ்சம், காடாத் துணி. மேல்துணிக்குப் பவானி ஜமக்காளம் போடலாம் என்று நண்பரே சொன்னார். அழகுதான், ஆனால் மூலையில் மடித்தால் கட்டை மாதிரி தடிக்கிறது. உள்மடிப்பை வெட்டி எடுத்துத்தான் படிய வைத்தேன். எல்லாம் சிறிய ஆணிகள், பசை ஒரு துளி இல்லை. அடுத்தவர் பிரிக்கும்போது ஓர் ஆணி பிடுங்கியால் வேலை முடிந்துவிடும்.

"இதுக்கு ஆகிற கூலியில புதுசே வாங்கிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம்தான். ஆனால் அந்த மரம் இப்போது சுலபமாக வாங்கக் கிடைக்காது. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து தேக்கு உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஈட்டி மரத்தை வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டிலேயே 1994-ல் சட்டம் வந்தது. உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிற உடைந்த நாற்காலியில் அந்த மரம் இருக்கிறது. கூலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏசி ரிப்பேருக்கு வருகிறவரிடம் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். மூன்று நாள் குனிந்து பிரம்பு பின்னுகிறவரிடம் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்கிறோம். எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவர் தன் பையனை இந்த வேலைக்கு வரவிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

தங்கச்சிக்கு நேற்று பதில் போட்டேன். நாற்காலியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ரெக்சின் மெத்தை ஒரு பிளைவுட் பலகையில் இருக்கிறது, அந்தப் பலகையை நான்கு ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது, ஒட்டவில்லை. சட்டத்தைச் சுற்றிப் பிரம்புத் துளைகள் அப்படியே இருக்கின்றன, சிலவற்றில் பாலிஷ் இறங்கி அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தினால் வந்துவிடும். கைப்பிடிக்கும் பூவுக்கும் நம்மால் செய்ய ஒன்றுமில்லை. "மழை விடட்டும், தை மாசம் கொண்டு வாம்மா. பிரம்பு நான் வாங்கி வைக்கிறேன்" என்று எழுதினேன்.