அம்மம்மாவின் சவுக்காரப் பெட்டி

போன கிழமை அம்மம்மாவின் அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டியிருந்தது. அவரை நாலு நாள் மாமா வீட்டில் விட்டுவிட்டுச் சாமான்களை ஒதுக்கினோம். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. திறந்தால் சவுக்காரம். எண்ணினேன், 41 கட்டி. கூடவே நமுத்துப்போன நெருப்புப்பெட்டிகள், வளைந்த மெழுகுதிரிகள். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார்: "ஆச்சிக்கு உது பிறவிக்குணம் தம்பி, மாறாது."

பிறவிக்குணமாம்! 1990க்கு முதல் அம்மம்மா இப்படி இருக்கவில்லை என்று அம்மா சொல்லுவார். அந்த வருசம் ஜூனில் இலங்கையில் யுத்தம் திரும்பத் தொடங்கியது, எங்கள் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்து, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி விட்டு எரித்த காலம். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். பிறகு 1995 ஒக்டோபர் 30, ஒரே இரவில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி, மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அன்றிலிருந்து காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பையில் கதவோரம் தொங்குகின்றன. 2009இல் சண்டை முடிந்தும் பை இறங்கவில்லை. அதைக் கஞ்சத்தனம், பயந்த சுபாவம் என்றால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்க மூளை படித்த பாடம் அது. காலம் மாறிவிட்டது என்று மூளைக்கு யாரும் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தொண்ணூறுகளின் தடையைக் காணாத, 2001இல் பிறந்த என் தங்கச்சியும் ஷொப்பிங் பாக் ஒன்றை எறியமாட்டாள். மடித்து மடித்து மெத்தைக்கடியில் வைப்பாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். 1961இல் அமெரிக்காவில் அல்பேர்ட் பந்துரா என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். பெரிய ஆள் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், தனியே விட்டதும் அதே மாதிரி அடித்தார்கள். நம் ஊரில் வாளோடு திரிகிற பொடியளைப் பற்றிப் பேசும்போது "இந்தக் காலத்துப் பிள்ளையள்" என்று தொடங்குகிறோம். அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்ற கேள்விக்கு வருவதேயில்லை. 1998இல் வின்சென்ற் பெலிற்றியும் ரொபேர்ட் அன்டாவும் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: சின்ன வயதில் அடி, அவமானம், வீட்டில் குடி என்று பட்டவை கூடக்கூட, வளர்ந்த பிறகு சிகரெட், மதுப்பழக்கம், மனச்சோர்வு எல்லாம் கூடுகின்றன.

அதற்காக எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டவும் ஏலாது. ஒரே பங்கருக்குள் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு விதமாக வந்திருக்கிறார்கள். பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. சில விசயங்கள் இன்னும் சாதாரணமானவை. ஏ எல் படிக்கிற பிள்ளை ஏன் எரிந்து விழுகிறது? பருவ வயதில் உடம்பின் மணிக்கூடே பிந்தி ஓடும், இரவில் நித்திரை பிந்தித்தான் வரும். நாங்கள் விடிய ஐந்து மணிக்கு ரியூசனுக்கு எழுப்பிவிட்டு, "வாய்க்கொழுப்பு" என்கிறோம். நித்திரை காணாத பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

சித்தப்பாவின் கதை தனி. இருபது வருசக் குடி. நேர்த்தி வைத்தோம், சத்தியம் வாங்கினோம், ஒரு முறை சித்தி கிணத்தடியில் நின்று அழுதா, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேலை இடம் மாறியது. புதிய பாதையில் தவறணை இல்லை, பின்னேரம் கூடிநிற்கிற கூட்டாளிகளும் இல்லை. ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அவரோ தன் மனஉறுதி என்று பெருமை அடிக்கிறார், அடிக்கட்டும். (எல்லாருக்கும் இப்படி லேசில் நடக்காது. கடும் குடிகாரர் திடீரென்று நிற்பாட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம், வைத்தியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.)

இதையே நாட்டளவில் பாருங்கள். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிகக் கூடிய எண்ணிக்கைகளில் ஒன்று. இன்று அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. எங்கள் கவலையும் கடனும் மூன்றில் ஒன்றாகவா குறைந்தன? முக்கிய காரணம், கடும் நஞ்சான பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் அந்தப் பொல்லாத நேரம் கடந்துபோகிறது, ஆள் தப்பிவிடுகிறார். "சாகப் போறவனை ஆர் மறிக்கிறது" என்று செத்தவீட்டில் சொல்லுகிறவர்களுக்கு இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பல வருசம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் "கூட்டு மனவடு" பற்றி எழுதியிருக்கிறார். தனி ஆளோடு சேர்த்துக் குடும்பமும் ஊரும் ஒன்றாகக் காயப்படுகின்றன, ஒருவரை ஒருவர் நம்புகிற பழக்கமே போய்விடுகிறது என்பது அதன் சாரம். எங்கள் ஒழுங்கையில் மதில்கள் உயர்ந்த கதையை நினைத்தால் எனக்கு அது விளங்குகிறது.

ஆனால் மனநலக் கிளினிக் என்றதும் "விசர் ஆஸ்பத்திரி" என்கிற வாய் மட்டும் மாறவில்லை. தெரிந்த ஒருவர் நித்திரையில்லாமல் தவித்த தன் தாயை இரண்டு வருசம் நூல் கட்ட, கழிப்புக் கழிக்க என்று கொண்டு திரிந்தார். கடைசியில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அரை மணித்தியாலம் அந்த அம்மாவின் கதையைத்தான் கேட்டாராம். இடம்பெயர்ந்தது, ஆரை இழந்தது, இப்போது வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆர் என்று. இப்போது ஓரளவு நித்திரை வருகிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கதைக்கலாம். நேரே போக வெட்கம் என்றால், அயலில் கேட்பவர்களுக்குப் பிரஷர் கிளினிக் என்று சொல்லிவிட்டாவது போங்கள்.