நல்ல கிடாவை விற்றுவிட்டு இனத்தைக் குறை சொல்லலாமா?

பக்ரீத் நெருங்கினால் வியாபாரிகள் பட்டி பட்டியாக வருவார்கள். முதலில் கை வைப்பது எதில்? வேகமாக வளர்ந்து, நெஞ்சு அகன்று நிற்கும் கிடாக்குட்டியில். கையில் காசு விழுகிறது, கொடுத்துவிடுகிறோம். மிஞ்சிய நோஞ்சான் குட்டிதான் அடுத்த ஈற்றுக்குத் தகப்பன். வருஷாவருஷம் இப்படிச் செய்துவிட்டு, சேலம் பக்கத்துச் செம்மறி இனமான மேச்சேரியைக் குறை சொல்லி, "மேச்சேரி ஆட்டுல எடை ஏற மாட்டேங்குது, வெளியூர்க் கிடா இறக்கணும்" என்கிறோம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒரு பெட்டை ஆடு ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். ஒரு கிடாவோ 25, 30 பெட்டைகளுக்குப் பொலியும். பட்டியின் பாதி ரத்தம் அந்த ஒன்றிலிருந்து வருகிறது. அதைக் கண்ணால் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. பிறந்த தேதியை எழுதி வைத்து, மூன்றாம் மாதம் எடை போட வேண்டும். இரட்டையில் பிறந்த குட்டி சற்று இளைத்துத்தான் இருக்கும். அதை ஒற்றைக் குட்டியோடு ஒப்பிட்டுக் கழித்துவிடக் கூடாது. அப்புறம், இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே கிடாவை வைத்திருந்தால் தன் மகள்களையே அது சேரும். பக்கத்துப் பட்டியோடு மாற்றிக்கொண்டால் செலவே இல்லை.

கலப்பே கூடாது என்று சொல்லவில்லை. நீலகிரி ஆடே 19ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டுச் செம்மறி இனங்கள் கலந்து உருவானதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலை. சுந்தரவனத்தின் கரோல் ஆடு உருவத்தில் சின்னது, ஆனால் இரட்டை, மூன்று என்று ஈனும். அதற்குக் காரணம் ஃபெக்பி என்ற ஒரே மரபணு. அதை அந்தப் பக்கத்து நாட்டுச் செம்மறியான தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு தலைமுறையையும் திரும்பத் தக்காணியோடே சேர்த்து, மரபணுப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுத்தார்கள். உடம்பு தக்காணி, ஒரு ஈற்றில் போடும் குட்டிகள் மட்டும் கூடின. என்ன வேண்டும் என்று தெரிந்து செய்த கலப்பு அது. அங்கும் இரட்டைக்குப் பால் பத்த வேண்டுமே, தாய்க்குத் தீனி கூட்டித்தான் ஆக வேண்டும்.

சந்தையில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த கிடாவை வாங்கிவந்து விடுவது வேறு. கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கோடையிலும் மேய்ந்து தாக்குப்பிடிக்கும் உடம்பும், தோலுக்கென்றே மேச்சேரிக்கு இருக்கும் பெயரும் அதில் கரைந்துபோகும்.

விற்காமல் வைத்திரு என்று ஏழை ஆட்டுக்காரரிடம் வெறும் வாயால் சொல்ல முடியாது, அதுவும் உண்மை. சிறந்த கிடாவைப் பொலிக்கு நிறுத்துகிறவருக்கு அதன் சந்தை விலையை ஊர்க்கூட்டுறவோ அரசோ ஈடுகட்டட்டும். வெளியினக் கிடா வாங்க மானியம் கேட்கிற நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.