வீட்டை எண்ணியாச்சு, கடனை யார் எண்ணுவது?

இலங்கையில் இந்திய அரசு கொடுத்த 50,000 வீட்டுத் திட்டம் என்றதும் எத்தனை வீடு முடிந்தது என்ற பேச்சுதான் முதலில் வரும். அறிவித்தது 2010-ல். முன்னோட்டமான 1,000 வீடுகள் 2012-ல் கைமாறின. வடக்கு, கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000 என்று பிரித்தார்கள். இந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் இது வெளியுறவு அமைச்சு செய்த வேலையின் கணக்கு. வீட்டுக்காரருக்கு என்ன ஆனது என்பதை இது சொல்லாது.

வடக்கு, கிழக்கில் ஒரு புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். பயனாளியே கட்டுவார், அத்திவாரம், சுவர், கூரை என வேலை நகர நகர, பார்த்து உறுதி செய்து, தவணையை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுவர் எழாமல் பணம் நகராது. ஆனால் சோதிக்க வருபவர் கண்ணுக்குத் தெரிவது சுவரும் கூரையும் மட்டும்தான். ஒரே வட்டாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது மணல் விலை ஏறும், மேசன் கூலி ஏறும், மரம் கிடைக்காது. தொகையோ முன்பே முடிவானது. மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போகும். பதிவேட்டில் அந்த வீடும் ‘முடிந்தது’தான்.

அதனால் முதல் தவணைக்கு முன்பே குடும்பத்தின் கடன், தண்ணீர், கழிப்பறை, காணி உறுதி (நிலப் பத்திரம்) யார் பெயரில் என்பதையெல்லாம் பதிய வேண்டும். வீடு முடிந்து இரண்டு வருடம் கழித்து அதே கேள்விகளோடு திரும்பப் போக வேண்டும். பல்லாயிரம் வீடுகளுக்கு, குலுக்கலில் எடுத்த 400 குடும்பங்கள் போதும். பிழை ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிக்குள் நிற்கும். குலுக்கலை ‘முடித்தவர்’ பட்டியலிலிருந்து எடுத்தால் எல்லாம் வீண். பாதியில் விட்டவர், அத்திவாரத்தோடு நின்றவர் அதில் இருக்கமாட்டார். திட்டம் எங்கே சறுக்கியது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இலக்கை முன்கூட்டியே எழுதி வைப்பதன் பலனுக்கு ஹெய்ட்டி ஓர் உதாரணம். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 15,000 வீடுகளுக்குத் திட்டமிட்டது. 2013-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது இலக்கு 2,649 ஆகச் சுருங்கியிருந்தது. செலவு மதிப்பீடு மட்டும் 5.9 கோடி டாலரிலிருந்து 9.7 கோடியாக ஏறியிருந்தது. பழைய எண் ஆவணத்தில் இல்லாதிருந்தால், 2,649-ஐயும் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்றே எழுதியிருக்கலாம்.

அளப்பவர் யார் என்பதும் முக்கியம். பணம் கொடுத்த துறையே தனக்கு மதிப்பெண் போடக் கூடாது. பிரிட்டனில் 2011-ல் வெளிநாட்டு உதவியை ஆராய ஒரு சுயாதீன ஆணையத்தை அமைத்தார்கள். அது நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும்படி ஏற்பாடு. இந்தியாவின் அயல்நாட்டு உதவிக்கும் அப்படியொன்று வேண்டும். அதன் வீடுவாரித் தரவு, பெயர்களை நீக்கி, தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். கடன் பட்டுக் கட்டியவர் தன் ஊர்க் கணக்கைத் தானே படித்துச் சரிபார்க்கட்டும்.