விலை தெரியாமல் ஒரு வாய் குடிக்க மாட்டீர்களா?

நண்பர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 40 வெள்ளிக்குள் குளிர்ச்சியாகக் குடிக்கிற ஒயின் ஒரு போத்தல், லேபிள் தெரியாமல் பழைய நாளிதழில் சுற்றி, சனிக்கிழமை ஏழு மணிக்கு செங்காங்கில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். சொத்தை எழுதி வைக்கச் சொல்லவில்லை.

40 என்று சும்மா சொல்லவில்லை. சிங்கப்பூரில் தூய மதுசாரம் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை, அதாவது 12.5 விழுக்காடு மதுசாரம் உள்ள ஒயின் ஒரு சாதாரண முக்கால் லிட்டர் போத்தலுக்கு 8 வெள்ளி 25 காசு, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மட்ட ஒயினுக்கும் உசத்தி ஒயினுக்கும் தீர்வை ஒன்றுதான், அதனால் ரொம்ப மலிவாக வாங்கினால் பாதி வரியைத்தான் குடிக்கிறோம். 40 வெள்ளியில் நியாயமான சரக்கு கிடைக்கும். ஆறு பேர், ஆறு போத்தல், எண் ஒட்டி, குடித்துப் பார்த்து மதிப்பெண் போட்டு, கடைசியில் காகிதத்தைப் பிரிப்பது. இதில் என்ன கஷ்டம்?

நம்ம நண்பர் ஒருவர் எட்டேகாலுக்கு வந்தார். வாசலிலேயே, "பாத்துப் பிடிங்க, இது கொஞ்சம் வேற மாதிரி" என்றார். செருப்பைக் கழற்றும்போது இன்னொரு முறை. அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, "விலையைச் சொல்லக் கூடாதுல்ல, சொல்லல. ஆனா மூணு இலக்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சுவைக்கிற விளையாட்டில் ஒருத்தர் காதுக்குள்ளேயே விலைப்பட்டியலை வாசித்தால் நான் என்னதான் செய்வது?

டாக்சியில் வந்த போத்தல், தொட்டால் வெதுவெதுப்பு. ஒரு வாளியில் ஐஸ் கட்டி, தண்ணீர், ஒரு கை உப்பு போட்டு வைத்தால் இருபது நிமிஷத்தில் சரியாகிவிடும், வெறும் ஐஸை விடத் தண்ணீர் போத்தலை நாலு பக்கமும் தொடும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மனிதர் கேட்காமல் நேராக உறைபெட்டியில் திணித்துவிட்டார். திணித்ததை மறந்தும் போனார். ரொம்ப நேரம் கழித்து எனக்குத்தான் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளே உறைந்து தக்கையைப் பிதுக்கியிருக்கும்.

மற்ற ஐந்தையும் நான் முன்கூட்டியே பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தேன். பிரிட்ஜுக்குள் 4 டிகிரி, வெள்ளை ஒயின் வாசம் விடுவது 8லிருந்து 12 டிகிரிக்குள். "ஐயோ, சூடாயிடுமே" என்று இன்னொரு புண்ணியவதி அத்தனையையும் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். அவள் கிளாஸில் ஐஸ் கட்டி வேறு. அவ்வளவு குளிரில் எல்லாமே புளித்த தண்ணீர்தான். அதற்கு ஹாக்கர் சென்டரில் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுப் போகலாமே!

பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அந்த நேரம் பார்த்து சம்பலுக்குப் பெலாச்சான், அதாவது புளித்த இறால் விழுது, வறுத்தார். அவர்மேல் கோபமில்லை. அந்த வாசனைக்கு முன்னால் எந்த நாட்டு ஒயினும் நிற்காது, மூன்றாம் எண்ணில் "கடல் வாசம்" என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

ஒருத்தன் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து மூடியைப் பார்த்து, "திருகு மூடி, நியூசிலாந்து" என்று கத்தினான். இன்னொரு போத்தல் ஒல்லியாக உயரமாக இருந்ததைப் பார்த்து "ரீஸ்லிங்" என்றான், அந்த ரகம் பெரும்பாலும் அப்படிப்பட்ட போத்தலில்தான் வரும். இது என் தப்பும்தான், ஜாடியில் ஊற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

முடிவு? போர்ச்சுகலிலிருந்து வந்த 26 வெள்ளி வின்யோ வெர்தே முதலிடம். நண்பருடைய போத்தல் ஐந்தாவது. பிரித்தால் ஷாப்லி, பிரான்சின் பேர்பெற்ற வெள்ளை ஒயின், 92 வெள்ளி. மனிதர் முகம் சுண்டிவிட்டது. "ஷாப்லின்னு தெரிஞ்சிருந்தா ரசிச்சிருப்பீங்க" என்றார். அதனால்தானே மறைத்து வைக்கிறோம்! 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே எழுதிக் கொடுத்தார்கள் அவர்களும். எனக்கும் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, நான் கொண்டு வந்த போத்தலுக்கு நானே பத்துக்கு நான்கு போட்டு "சப்பென்று இருக்கிறது" என்று எழுதியிருந்தேன்.

வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. எல்லாரும் போன பிறகு, கிளாஸ் கழுவும்போது, என் கிளாஸில் அந்த ஷாப்லி ஒரு வாய் மீதி இருந்தது. குளிர் இறங்கியிருந்தது. மோந்து பார்த்தேன். பச்சை ஆப்பிள், ஈரக் கல், அப்படி ஒரு வாசம்! 92 வெள்ளி கொடுத்து வாங்கி, அதன் வாயை அவரே உறைபெட்டியில் அடைத்துவிட்டார்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து செய்தி. அடுத்த மாதம் அவர் வீட்டில் சிவப்பு ஒயின், "யாரும் குளிர வைக்க வேண்டாம், ரூம் டெம்பரேச்சர்தான் சரி". அது ஐரோப்பாவில் அந்தக் காலத்து வீடுகளின் 16, 18 டிகிரி. இவர் கூடத்தில் ஏர்கான் கிடையாது, மேற்குப் பார்த்த ஜன்னல், மாலை ஆறு மணிக்கும் 31 டிகிரி. வாளியை நான் எடுத்துப் போகிறேன். உப்பாவது அவர் வீட்டில் இருக்கும்.