மகஜரை எழுதிக் கொடுத்தது யார்?

மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன்னால் போன வாரம் வீடில்லாத பெண்கள் கூடி மகஜர், அதாவது கோரிக்கை மனு, கொடுத்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பகிர்ந்துவிட்டீர்கள், சிலர் சிரிப்புக் குறியும் போட்டுவிட்டீர்கள். வெயிலில் நின்ற பெண்களிடமிருந்து மகஜரை வாங்கிய அந்த உத்தியோகத்தர், ஒரு வரியைக்கூடப் படிக்கும் முன்பே கேட்டது: "இதை யார் எழுதித் தந்தது?" அதன் பிறகு நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், படித்தவர், பலருக்கு ஆசான், "இந்த அப்பாவிகளைப் பின்னால் நின்று இயக்குவது யார்?" என்று நீளமான பதிவொன்றை எழுதினார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் அடக்கம். மிக்க மகிழ்ச்சி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் போய்விடலாம். பின்னால் யாரும் இல்லை. அவர்களே கூடினார்கள், அவர்களே எழுதினார்கள்.

எழுதிய அக்காவை எனக்குத் தெரியும். பெயர் போடமாட்டேன், போட்டால் நாளைக்கே அவருடைய கொட்டிலுக்கு யார் யார் விசாரிக்க வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நீண்டகாலம் செயலாளராக இருந்து கூட்டறிக்கை எழுதிப் பழகிய கை. சங்கக் கூட்டத்தில் அதே கை எழுதியபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. வீடு வேண்டும் என்று எழுதியவுடன் அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கையைத் தேடுகிறார்கள்.

வீடில்லாதவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர், கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னால் பெட்டி மட்டையை விரித்துப் படுத்திருப்பவர். மட்டக்களப்பில் அப்படிப் படுப்பவர்களை அதிகம் காண முடியாது, ஆகவே இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை என்று நாம் முடிவெடுத்துவிட்டோம். இங்கே அவர்கள் விறாந்தைகளில் இருக்கிறார்கள். மூத்தவளுக்குச் சீதனமாகப் போன வீட்டின் விறாந்தையில், சேலையொன்றைக் குறுக்கே கட்டி, பிள்ளைகளோடு இளையவள் இருக்கிறாள். தென்னந்தோட்டத்தின் காவல் கொட்டிலில் ஒரு குடும்பம், தோட்டம் கைமாறும் நாள்வரை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வாடியையே வீடாக்கிக்கொண்டவர்கள் உண்டு. வாவிக்கரையில் தகரம் அடித்திருப்பவர்கள் மார்கழி வெள்ளத்துக்குப் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடி, தண்ணீர் வற்றியதும் அதே தகரத்துக்குத் திரும்புகிறார்கள்.

இதில் நம்முடைய வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கில், தமிழரோ முஸ்லிம்களோ, வீடு பெண்ணுக்குப் போவது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மருமகன் அங்கே வந்து குடியேறுவார். அதனால் இங்கே ஒரு தாய்க்கு வீடில்லை என்றால் அது அவளுடைய தலைக்கு மேலுள்ள கூரைப் பிரச்சினை மட்டுமல்ல, மகளுடைய கலியாணப் பிரச்சினையும்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்து முதலில் பார்ப்பது வளவைத்தான். இதைப் பேசாமல் "ஏன் இந்தப் பெண்கள் மட்டும் வீதிக்கு வருகிறார்கள்?" என்று கேட்கிறார்கள் சில அறிவாளிகள்.

அடுத்தது பாதி வீட்டுக்காரர்கள். மாதிரிக் கிராமம் என்ற பெயரில் அடிக்கல் நாட்டி, படம் எடுத்து, பழைய கொட்டிலைப் பிரிக்கச் சொல்லி, அத்திவாரத்துக்கும் சுவருக்கும் தவணைப் பணம் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, தவணை நின்றது. கூரையில்லாத சுவர்களுக்குள் புல் முளைத்தது. சுவரை எழுப்பக் கடைக்குக் கொடுக்க வேண்டிய கடன், அதை அடைக்க எடுத்த நுண்கடன், நுண்கடனை அடைக்க அடகு வைத்த தோடு என்று அது நீள்கிறது. அரசாங்கத்தின் பதிவேட்டில் இவர்கள் வீடு பெற்றவர்கள். ஆகவே அடுத்த வீட்டுத்திட்டத்தில் பெயர் வராது.

இந்த எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தது எந்தக் கட்சியும் அல்ல, ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட குறிப்புப் புத்தகம். பிரதேச செயலகத்தின் பட்டியலில் தங்கள் பெயர்கள் இல்லை என்று தெரிந்ததும், தாங்களே பட்டியல் எடுக்கப் புறப்பட்டார்கள். வீடு வீடாக என்று எழுத வந்தேன், விறாந்தை விறாந்தையாக. யாருடைய நிலத்தில் இருக்கிறீர்கள், எத்தனை முறை எழுப்பி அனுப்பினார்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க எந்த விலாசத்தைக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். வதிவிடச் சான்றிதழ் கிடைக்காத குடும்பங்களை அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்த அலுவலும் நகராது என்பது வீடுள்ள நமக்கும் தெரியும். மகஜரின் முதற் கோரிக்கையே வீடு அல்ல, விலாசம். பதிவு எழுதிய பெரியவர் முதற் கோரிக்கையைக்கூடப் படிக்கவில்லை என்பது அவருடைய பதிவிலேயே தெரிகிறது.

நியூயோர்க்கில் 1984 ஆம் ஆண்டு ஒரு நீதிமன்றம், பூங்கா வாங்கில் படுப்பவரும் அந்த இடத்தையே விலாசமாகக் கொடுத்து வாக்காளராகப் பதியலாம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் வீடில்லாதவர்கள். இதை அக்காவிடம் சொன்னபோது, "எங்களுக்கு வாங்கும் இல்லையே" என்றார். யாரோ பின்னால் நின்று இயக்கும் ஒருவர் பேசும் பேச்சாம் அது.

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் "உனக்கு என்ன வந்தது?" என்று உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். என் அம்மாவின் சீதன வளவு மட்டக்களப்புக் கடற்கரையில், நாவலடியில் இருந்தது. அம்மம்மா கொடுத்தது, எனக்கு வர வேண்டியது. 2004 மார்கழியில் கடல் வந்தது. எங்கள் தரப்பில் யார் யார் போனார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அடுத்த ஆண்டு வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். கடலுக்கு எந்தக் கரை வடக்கு கிழக்கு என்பது நன்றாகத் தெரியும் போலும். பிறகு அந்த விதி தளர்ந்தது, அதற்குள் நாங்கள் சுனாமியில் வீடிழந்தவர்களைக் குடியேற்றிய திராய்மடுவுக்குப் போய்விட்டோம்.

அங்கே படிவம் நிரப்பிய இளைஞன் "குடும்பத் தலைவர் பெயர்?" என்று கேட்டான். அம்மா தன் பெயரைச் சொன்னார். காணி அவருடையது, உறுதிப் பத்திரம் அவருடைய பெயரில், அது கடலோடு போனாலும். இளைஞன் சிரித்துக்கொண்டே அப்பாவின் பெயரை எழுதினான். மூன்று தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போன வளவு, ஒரு பேனைக் கோட்டில் அப்பாவுடையதாகிவிட்டது. அப்பா நல்ல மனிதர், அது வேறு விடயம். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படியில்லை. வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கிவிட்டு மறைந்துபோனவர்களையும் திராய்மடு கண்டிருக்கிறது. அன்றைக்கு மட்டக்களப்புப் பெண்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியபோதும் கேட்டார்கள்: "இவர்களைத் தூண்டிவிடுவது யார்?" இருபது ஆண்டாகியும் கேள்வியில் ஓர் எழுத்து மாறவில்லை.

அரச காணி விடயத்திலும் இதே கதைதான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் பெர்மிட் காணியின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளையே முன்னால் நின்றான். 2022 இல்தான் திருத்தினார்கள். தாய்வழியில் வீடு போகும் மண்ணில் இந்தச் சட்டம் அத்தனை காலம் என்ன செய்திருக்கும் என்று நம் படித்தவர்களில் எத்தனை பேர் எழுதினோம்? மகஜரில் இருக்கிறது அது, நான்காவது பந்தியில்.

இனி, எழப்போகும் கேள்விகள்.

"அரச காணியை ஆக்கிரமிப்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" வாங்குகிறேன். காணிக் கச்சேரி, அதாவது அரச காணி கொடுக்க ஆட்களைத் தெரிவு செய்யும் கூட்டம், நடத்துங்கள், விண்ணப்பிக்கிறோம் என்று அவர்கள் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். நடத்தாமல் வைத்துக்கொண்டு ஆக்கிரமிப்பு என்றால்? வாவியை நிரப்பிச் சுற்றுமதில் கட்டியவர்களுக்கு அந்தச் சொல் ஏன் பொருந்துவதில்லை?

"கொடுத்த வீட்டை விற்றவர்களும் இருக்கிறார்கள்." இருக்கிறார்கள். அடுத்தது.

"இது அரசியல்." ஆம், அரசியல்தான். உரிமை கேட்பதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள். 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். பின்னால் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆசிரியர்கள் சம்பளத்துக்காகப் பணியைப் பகிஷ்கரித்தபோதும் கேட்கவில்லை. பதிவு எழுதிய பெரியவரே அன்றைக்கு முன்வரிசையில் நின்றார். காணி இருப்பவனுக்கும் சம்பளம் இருப்பவனுக்கும் சொந்தமாக மூளை இருக்கும், வீடில்லாதவளுக்கு மட்டும் யாராவது இரவல் கொடுக்க வேண்டும்.

அம்பாறை மாவட்டத்தைப் பாருங்கள். பாணமையில் 2010 ஜூலையில் முகமூடி போட்ட ஆயுததாரிகள் வந்து குடிசைகளை எரித்து மக்களை விரட்டினார்கள். 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது, கடதாசி அசையவில்லை. 2016 மார்ச்சில் மக்கள் தாங்களாகவே உள்ளே போய் இருந்தார்கள். பொத்துவில் கனகர் கிராமத்தவர்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். 2018 இல் வீதியோரம் கொட்டில் அடித்துத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், எந்த இனத்துக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காகக் காடு பற்றிக் கிடந்தன. சுனாமியில் வீடிழந்தவர்கள் வெளியில் நின்று அந்தக் காட்டைப் பார்த்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று பக்கமும் மக்களே எழும்பிக் கேட்டார்கள். மூன்று பக்கமும் தூண்டிவிட்ட அந்த மாயாவி யார் என்று கண்டுபிடித்துச் சொன்னால் நானும் அவரிடம் போய் என் தெரு விளக்கைப் பற்றி முறையிடுவேன்.

தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் 2005 இல் குடிசைவாசிகள் வீதியை மறித்தார்கள். தங்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொன்ன நிலத்தில் செங்கல் தொழிற்சாலைக்காக வேலை தொடங்கியதைக் கண்டதால். அதிலிருந்து அவர்களுடைய இயக்கம் பிறந்தது. அங்கேயும் உடனே சொன்னார்கள், பின்னால் ஒரு "மூன்றாவது சக்தி" நிற்கிறது என்று. அந்த மூன்றாவது சக்தி 2009 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், தங்களை வெளியேற்ற வழிசெய்த மாகாணச் சட்டத்தின் பிரிவை முறியடித்தது.

நம் அரசியலமைப்பின் 27 ஆவது உறுப்புரையிலும் உணவு, உடை, வீடு என்று எழுதியிருக்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி, 29 இல், இவற்றை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது என்றும் எழுதியிருக்கிறது. வழக்குப் போட வழியில்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பது 14 ஆவது உறுப்புரை தரும் அமைதியாக ஒன்றுகூடும் உரிமை. அதைத்தான் பூங்காவின் முன்னால் பயன்படுத்தினார்கள். அதற்கும் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

கோபமாக எழுதுகிறேன் என்று சொல்வார்கள். கோபம்தான். நம் ஊரில் கோபுரத்துக்கு வர்ணம் பூச வெளிநாட்டிலிருந்து ஒரு மாதத்தில் பணம் வந்து சேர்கிறது, பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அச்சடித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. அதே கோயில் மடத்தில் மழைக்கு ஒதுங்கிய குடும்பத்தை, திருவிழா வருகிறது என்று எழுப்பி அனுப்பினார்கள். சாமி ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை. இதை எழுதியதற்கும் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள்.

என்னை அவர்களுடைய ஆலோசகர் என்று மட்டும் எழுதாதீர்கள், பொய்யாகிவிடும். பெரியவருக்கும் பணிவாக ஒன்று: அவர்களுடைய கூட்டம் மாதா மாதம் நடக்கிறது, யாரும் வரலாம், பாயில் இருக்கலாம், கொப்பியையும் காட்டுவார்கள். ஆனால் வீடுள்ளவர்கள் பேசலாமே தவிர, தீர்மானத்துக்குக் கை உயர்த்த முடியாது. அது அவர்கள் போட்ட விதி. எனக்கும் அதே விதிதான், சேர்.